பூவலிங்கம் அண்ணனின் மழை வேட்டி

பூவலிங்கம் அண்ணன் சொல்லும் மழைக் கதையை நான் பல வருடமாக நம்பவில்லை. நம்பாமல் இருப்பதே ஒரு கௌரவம் என்று நினைத்திருந்தேன். ஐம்பத்து நாலு வயதில், அந்தக் கௌரவத்தால் என்ன கிடைத்தது என்று யோசிக்கிறேன்.

எங்கள் ஊர் கடலோரம். போர்வெல் தண்ணீர் முழுக்க உப்பு. என் மனைவி வள்ளிமயில் அம்பாசமுத்திரத்துக்காரி, ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள். போன மாதம், உப்புத் தண்ணீரில் வேகாத பருப்பை என் தட்டில் கொட்டிவிட்டு, "இந்த வீட்டுக்கு நல்ல தண்ணி வந்தா போன் போடுங்க" என்று அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை.

மழைக்கு மாடியில் வேட்டியை நாலு மூலையும் இழுத்துக் கட்டி, நடுவில் கல் வைத்து, அடியில் குடம் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இதுவரை உண்மை. இதற்குமேல் பூவலிங்கம் அண்ணன்.

லாரி ஓட்டி ஓய்ந்தவர். நேற்று சன்னாசியின் சலூனில், பாதிச் சவரத்தில் ஆரம்பித்தார். முதல் மழையை அழுக்கோடு விட்டுவிட்டு, இரண்டாம் மழைக்கு வேட்டி கட்டினாராம். குடம், அண்டா, மாடித் தொட்டி எல்லாம் நிரம்பிவிட்டன. பருப்பை அந்தத் தண்ணீரில் போட்டுவிட்டுத் தீப்பெட்டி தேடப் போனார். திரும்பினால் பருப்பு குழைந்திருந்தது.

"அடுப்பே பத்த வைக்காமயா?" என்றான் சன்னாசி.

"அந்த சிலிண்டரு இன்னும் சீல் பிரிக்காம இருக்கு. வந்து பாரு."

பிறகு சட்டைக்குச் சோப்பு போட்டார். நுரை மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போய் டவுன் பஸ்ஸை மூடிவிட்டது. வெளியே வந்த பஸ்ஸைப் புது வண்டி என்று நினைத்து டிப்போவில் உள்ளே விடவில்லை.

சவரத்துக்குக் காத்திருந்த ஒருவர், மிச்சத் தண்ணியை என்ன செய்தீர் என்று கேட்டார். போர்வெல் பக்கத்துக் குழியில் விட்டாராம். அது பூமிக்குள்ளேயே ஓடிக் கடலில் கலந்து, அந்த வருடம் கடலே இனித்தது. கருவாடு போட வழியில்லை. உப்பளத்துக்காரர்கள் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"பாவமா இருந்துச்சு. வேட்டியில ஒரு மூலைய அவுத்து விட்டேன். மழை அதோட நின்னுருச்சு."

சன்னாசி கத்தியைத் துடைத்தான். "அண்ணே, பேசாம இருங்க. கன்னம் அறுந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் வழக்கம்போல் சிரித்திருக்க வேண்டும். கண்ணாடியில் தெரிந்த வானம் கிழக்கே கறுத்திருந்தது. முந்தின வாரம் முதல் மழை பெய்து போயிருந்தது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணே, அது நாலு முழ வேட்டியா, எட்டு முழமா?"