எதிர்ப்பக்கம் மடித்த இலை

முன்னொரு காலத்திலே நெடுங்கரை நாட்டை மாறவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். வாள் கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. வாளுக்காவது உறை இருந்தது.

ஒருநாள் அரண்மனை விருந்தில் ராணியின் தம்பி குமரேசன் மறுசோறு கேட்டான். "நல்லா போடுங்கப்பா, இவங்க ஊர்ல பஞ்சம்!" என்றான் ராஜா. பந்தியே சிரித்தது. சாப்பிட்டவர் இலையைத் தன் பக்கம் மடித்தால் உறவு நீடிக்கும் என்பது வழக்கம். குமரேசனோ சாவு வீட்டில் மடிப்பதுபோல் எதிர்ப்பக்கம் மடித்துவிட்டுப் போய்விட்டான்.

இளவரசிக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்துவதா? "என் தம்பி வராமல் என் மகள் காதில் ஊசி படக்கூடாது" என்று ராணி கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிரதானி வைகுந்தநாதர் ஜால்ரா போட்டே தொப்பை வளர்த்தவர். மந்திரி சிற்றம்பலம் என்றாலே அவருக்கு வயிற்றெரிச்சல். முந்திக்கொண்டு யோசனை சொன்னார்: "அரசர் மன்னிப்புக் கேட்பதா! 'மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்' என்று பட்டோடு ஓலை அனுப்பலாம்."

பட்டும் ஓலையும் போன வேகத்தில் திரும்பி வந்தன.

ராஜா மந்திரியை அழைத்தான். "அவனை வரவழையும். ஆனால் 'தப்பு' என்ற சொல் என் வாயில் வராது. முடியாவிட்டால் பதவியை விட்டு இறங்கும்." பிரதானி மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் நிறைந்த சபையில் மந்திரி கேட்டார்: "பிரதானியாரே, மூளை இருக்கவேண்டிய இடத்திலும் உமக்குத் தொப்பைதானாமே?"

சபை குலுங்கியது. பிரதானி துள்ளினார். "மன்னிப்புக் கேளும்!"

"அதற்கென்ன? மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்."

"பட்டிருந்தாலா? பட்டதய்யா! நாலு பேர் முன்னால் சொன்னீர், நாலு பேர் முன்னால் தப்பு என்று ஒத்துக்கொள்ளும்! இது மன்னிப்பா, கண்துடைப்பா?"

"ஓலை எழுதச் சொன்னவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார், அரசே!" என்று ராஜாவைக் கும்பிட்ட மந்திரி, பிரதானி பக்கம் திரும்பினார். "ஐயா, நான் சொன்னது தப்பு. பாருங்கள் அரசே, நாக்கு அறுந்து விழவில்லை."

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றே குமரேசன் வீட்டுக்குப் போனான். உறவெல்லாம் பார்த்திருக்க, "நான் பேசினது தப்பு மச்சான். உன்னை அவமானப்படுத்திட்டேன்" என்று சொல்லி, தன் கையாலேயே சோறு பரிமாறினான்.

குமரேசன் சாப்பிட்டான். பிறகு நிமிர்ந்தான். "இன்னொரு கரண்டி போடுங்க அத்தான். எங்க ஊர்லதான் பஞ்சமாச்சே!"

ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டான். குமரேசன் இலையைத் தன் பக்கம் மடித்தான்.

காதுகுத்து ஜாம்ஜாமென்று நடந்தது. மந்திரிக்கு முத்துமாலை. பிரதானிக்கு, பந்தியில் எந்த இலை எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எடுக்கும் வேலை. அவர் தொப்பையோடு குனிந்து குனிந்து எடுத்ததைக் கண்டு யாரும் சிரிக்கவில்லை. அப்படிச் சிரித்திருந்தால், வருந்துகிறோம்.