கோபத்துக்கு ஓர் இரங்கல்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேலாயுதப் பெருமாளுக்கு அன்று அறுபதாம் கல்யாணம். வாழ்த்த வந்த எம்.எல்.ஏ. சங்குமுத்து சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கம்பீரமாக வாசித்தார்.

"அன்னாரின் மறைவு ஊருக்கே பேரிழப்பு. அவர் ஆன்மா சாந்தியடையட்டும்!"

அடுத்த ஊர் இரங்கல் கூட்டத்துக்கு எழுதிய தாள் அது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த பெருமாளுக்கு மூக்கு சிவந்தது. மகன்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

வியர்த்துப்போன எம்.எல்.ஏ., மேடையோரம் நின்ற மைக்செட்காரர் பேச்சிமுத்துவிடம் பாய்ந்தார். "யோவ், எல்லாம் உன் மைக்கால வந்தது! நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு ஆக்கு. இல்லேன்னா தொகுதியில எங்கேயும் நீ குழாய் கட்ட முடியாது."

"நாலு தெருவுக்குக் கேட்டுடுச்சுங்க ஐயா. சொன்னதை அழிக்க முடியாது. கூட ரெண்டு வார்த்தை சேர்த்துக்கலாம்," என்று பேச்சிமுத்து மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! நம்ம சாரோட கோபம் ஊரறிஞ்சது. நானே மூணு வருஷம் அவர்கிட்ட பிரம்படி வாங்கினவன். அந்தக் கோபம் இன்னிக்குக் காலையில, தாலி கட்டின நேரத்துல காலமாயிடுச்சு. ஐயா இரங்கல் வாசிச்சது அதுக்குத்தான்!"

மண்டபமே கொல்லென்று சிரித்தது. "அதேதான், அதைத்தான் சொல்ல வந்தேன்!" என்று எம்.எல்.ஏ. அவசரமாகத் தாளை மடித்தார். கத்துவதற்கு வாயைத் திறந்த பெருமாள், ஊரே தன் முகத்தைப் பார்ப்பதைக் கண்டு, வேறு வழியில்லாமல் தானும் சிரித்துவிட்டார்.

பந்தி நடக்கும்போது அவர் மனைவி உலகம்மாள் பேச்சிமுத்துவைத் தேடி வந்தார்.

"தம்பி, நீ பேசினதைப் பதிவு பண்ணிக் குடு. வீட்டுல தினமும் காலையில போடணும்."