முதல் வரி

திண்டுக்கல்லில் ஒரு மொட்டை மாடி. மேலே தகரக் கூரை, கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்னால் ஒரு கரும்பலகை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி நடக்கும். குரு என்றால் தாடி இருக்க வேண்டும், மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இங்கே குரு பெனடிக்டா மிஸ். வயது இருபத்தெட்டு. ஸ்கூட்டியில் வருவார். சாக்பீஸ் தூசி ஆகாது, தும்மிக்கொண்டே பாடம் நடத்துவார். யாரையும் திட்டியதில்லை.

சிஷ்யை பாண்டியம்மாளுக்கு முப்பத்தாறு வயது. காலையில் பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏலம் கூவுவாள். அவள் வாயைத் திறந்தால் அடுத்த கடை ஏலம் காதில் விழாது என்று புகாரே உண்டு. வகுப்புக்கு வந்தாலோ கடைசி வரிசை, கப்சிப். தபாலில் படித்துப் பட்டம் வாங்கியவள். கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளை அக்கா என்றார்கள். மிஸ்ஸும் அக்கா என்றே கூப்பிட்டார். அவள் மிஸ்ஸை மிஸ் என்றாள். இதில் யாருக்கும் சங்கடம் இருக்கவில்லை.

தர்க்கப் பாடத்துக்கு மிஸ் முதல் நாளே ஒரு விதி சொல்லியிருந்தார். கேள்வித்தாளில் என்ன வரி கொடுத்திருக்கிறதோ அதை நம்ப வேண்டும். உலகத்தில் அது உண்மையா பொய்யா என்று ஆராயக் கூடாது. எல்லாப் பூனைகளும் இன்ஜினியர்கள் என்று போட்டிருந்தால் இன்ஜினியர்கள்தான். எந்தக் காலேஜ் என்று விசாரிக்க வேண்டாம். கொடுத்த வரிகளிலிருந்து முடிவு பிறக்கிறதா இல்லையா, அதை மட்டும் பார்த்தால் போதும்.

இது பிள்ளைகளுக்குப் பிடிபட நாளானது. வெள்ளைக் காக்கை கிடையவே கிடையாது என்று ஒரு பையன் ஒரு மாதம் மல்லுக்கு நின்றான். பாண்டியம்மாள் மட்டும் அன்றே பிடித்துக்கொண்டாள். வெள்ளைக் காக்கை, பறக்கும் எருமை, பட்டம் வாங்கிய பூனை, எது வந்தாலும் முகம் மாறாமல் சரியான விடையில் டிக் அடித்தாள். மாதிரித் தேர்வுகளில் தர்க்கப் பகுதிக்கு அவள்தான் முதல்.

ஒரே ஒரு கேள்வி மட்டும் அவளிடம் ஒத்துப்போகவில்லை. அது ஆளையும் பேரையும் மாற்றிக்கொண்டு அடிக்கடி வரும்.

குற்றமற்றவர்கள் ஒளிந்துகொள்ள மாட்டார்கள். ரவி ஒளிந்துகொண்டான். ஆகவே ரவி குற்றமற்றவன் அல்ல. இந்த முடிவு சரியா, தவறா, தீர்மானிக்க முடியாதா?

பாண்டியம்மாள் 'தவறு' என்று டிக் அடிப்பாள். அதுவும் பேனா அடுத்த பக்கத்தில் பதிகிற மாதிரி அழுத்தி அடிப்பாள். மிஸ் பலகையில் வட்டம் போட்டு விளக்குவார். குற்றமற்றவர்கள் எல்லாரும் ஒளியாதவர்களுக்குள்ளே இருக்கிறார்கள், ரவி அதற்கு வெளியே நிற்கிறான், ஆகவே முடிவு சரி என்பார். அவள் தலையாட்டுவாள். அடுத்த வாரம் மறுபடியும் 'தவறு'. அக்காவுக்கும் ரவிக்கும் ஏதோ சொந்தம் இருக்கிறது என்று பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

போன வருடம் ஒரே மதிப்பெண்ணில் அவளுக்கு இடம் கைநழுவியது. இந்த வருடமும் கிடைக்காவிட்டால் படிப்பு ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்று அவளே சொல்லியிருந்தாள். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் பிரியாணிக்கு ஓடிவிட்டார்கள். பாண்டியம்மாள் போகவில்லை. கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு மிஸ்ஸின் மேசைக்கு வந்து நின்றாள்.

"மிஸ், இந்த வாதத்துல ஓட்டை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிக் குடுங்க. அதைக் கத்துக்கத்தான் நான் இங்க சேர்ந்ததே."

மிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

அவளுக்கு ஒரு தம்பி. பெயர் சோலைராஜா. நூல் மில்லில் எலக்ட்ரீசியன் வேலை. ஒருநாள் மில் ஸ்டோர் ரூமிலிருந்து செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போய்விட்டன. அந்த ஷிப்டில் இருந்தவர்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் போனார்கள். சோலைராஜா போகவில்லை. நத்தம் பக்கம் அத்தை வீட்டில் போய் ஒளிந்துகொண்டான். போலீஸ் அங்கே போய்ப் பிடித்துவந்தது. வழக்கு நடந்து ஒரு வருடம் ஜெயில் என்று தீர்ப்பானது. அதை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவன் வாசலைத் தாண்டுவதில்லை. போட்டதைச் சாப்பிடுகிறான். அக்கா என்று அவன் அவளைக் கூப்பிட்டே ரொம்ப நாளாகிவிட்டது.

தீர்ப்பில் எவ்வளவோ இருந்திருக்கும். அவள் காதில் நின்றது ஒரு வாசகம்தான். குற்றம் செய்யாதவன் ஒளிய வேண்டிய அவசியம் இல்லை, இவன் ஒளிந்திருக்கிறான், ஆகவே இவன் குற்றம் செய்யாதவன் அல்ல.

"அவன் எடுக்கல மிஸ். எனக்குத் தெரியும். அப்ப அந்த வாதத்துல எங்கயோ தப்பு இருக்கணும்ல? நீங்க சொல்லிக் குடுத்த வட்டம் எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். சிக்க மாட்டேங்குது."

மிஸ் எழுந்துபோய்ப் பலகையில் மூன்று வரி எழுதினார். ரவி இருந்த இடத்தில் சோலைராஜா என்று எழுதினார்.

"வாதத்துல தப்பு இல்லக்கா."

பாண்டியம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. மிஸ் ஏதாவது சேர்த்துச் சொல்வார் என்று பார்த்தாள். அவர் தும்மினார், அவ்வளவுதான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் திணித்தாள். இனிமேல் வகுப்புக்கு வரப்போவதில்லை என்றாள். தம்பியைத் திருடன் என்று சரியாக நிரூபித்துக் காட்டுகிற படிப்பு தனக்கு எதற்கு, அதை நிரூபிக்கத்தான் ஊரே இருக்கிறதே என்றாள். பரீட்சைக்கும் ஒரு கும்பிடு என்று சொல்லிப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

மிஸ் தடுக்கவில்லை. டஸ்டரைத் தேடினார். கிடைக்காததால் உள்ளங்கையாலேயே பலகையில் முதல் வரியை அழித்தார்.

"இப்ப சொல்லிட்டுப் போங்க. முடிவு சரியா?"

பாண்டியம்மாள் திரும்பிப் பார்த்தாள். சோலைராஜா ஒளிந்துகொண்டான், ஆகவே அவன் குற்றமற்றவன் அல்ல என்பது மட்டும் இருந்தது.

"தீர்மானிக்க முடியாது." பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஏன்?"

"ஒளிஞ்சான்னு மட்டும்தான இருக்கு. ஒளிஞ்சா என்ன அர்த்தம்னு சொல்றதுக்கு வரி இல்லியே மிஸ்."

"அந்த வரியைக் கோர்ட்டுல யாரு சொன்னா?"

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். கம்பி காணோம் என்று மில் மேனேஜர் சொன்னார். பையன் ஒளிந்திருந்தான் என்று போலீஸ்காரர் சொன்னார். எங்கள் வீட்டில்தான் இருந்தான் என்று அத்தை சொன்னாள். குற்றமற்றவன் ஒளிய மாட்டான் என்று கூண்டில் ஏறி ஒருவரும் சாட்சி சொல்லவில்லை.

"யாருமே சொல்லல மிஸ்."

"உங்க வக்கீல் அதைப் பத்திக் கேட்டாரா?"

"எங்க கேட்டாரு. எல்லாரோடயும் சேந்து அவரும் தலையத்தான் ஆட்டுனாரு."

பாண்டியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பலகையில் அழிந்த இடத்தையே பார்த்தாள்.

"அப்ப அன்னைக்குக் கோர்ட்டுல அத்தனை பேரும் முதல் வரியை அப்படியே நம்பிப் பரீட்சைதான் எழுதியிருக்காங்க."

"ஆமாக்கா."

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மார்க்கெட் தொண்டை திரும்பி வந்துவிட்டது. வக்கீலை ஒரு பிடி பிடித்தாள். மேனேஜரை, போலீஸ்காரரை, தீர்ப்பு எழுதியவரை, ஒருவரையும் விடவில்லை. அத்தனை படித்தவர்கள் கூடியிருந்த இடத்தில், ஒளிந்தால் திருடன்தான் என்று யாரய்யா சொன்னது என்று கேட்க ஒரு நாதி இல்லையே என்று ஆற்றாமையில் குமுறினாள். கீழே கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மாடியை நிமிர்ந்து பார்த்தார்கள். தான் வக்கீலானதும் முதலில் அந்த வரியைத்தான் பிடித்து உலுக்கப்போவதாகச் சொன்னாள்.

மிஸ் எல்லாவற்றையும் கேட்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஒன்று கேட்டார்.

"தம்பி அத்தை வீட்டுல இருக்கிறது போலீசுக்கு எப்படித் தெரிஞ்சுதுக்கா?"

பாண்டியம்மாள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"நான்தான் சொன்னேன்."

தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம், நேரில் வந்து நின்றால் இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். ஸ்டேஷனுக்குப் போய் அவளே இடத்தைச் சொன்னாள். ஜீப்பில் அவளும் கூடப் போனாள். வேறு யார் கூப்பிட்டாலும் வர மாட்டான், அக்கா கூப்பிட்டால் வருவான் என்று அவளே முன்னால் போய்க் கதவைத் தட்டினாள். அவனும் திறந்தான்.

"தம்பிகிட்ட ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்காம இருப்பேனா மிஸ்? தப்புப் பண்ணலைன்னா எதுக்குடா ஒளிஞ்சேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. என்னையே பாத்தான். அப்புறம் சட்டையை மாட்டிக்கிட்டு வந்துட்டான்."

மிஸ் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டார். பாண்டியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இப்போது அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"இப்ப நான் என்ன செய்யணும் மிஸ்?"

"பரீட்சையில 'சரி'ன்னு டிக் அடிங்க. வீட்டுக்குப் போய் எதுக்கு ஒளிஞ்சேன்னு தம்பிகிட்ட கேளுங்க."

"அதான் அன்னைக்கே கேட்டேன்னு சொன்னேனே."

"இல்லக்கா. அன்னைக்கு நீங்க சொன்னது தீர்ப்பு. அவர்கிட்ட இன்னும் யாரும் கேக்கல."