நானூற்றுப் பன்னிரண்டு "எங்கே"

"என் சிப்புல என்ன குறைங்க, டீச்சர்?" என்றார் செங்கோடன்.

கமருன்னிசா அவரைவிட ஒன்பது வயது இளையவர். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். அந்த நாமக்கல் பட்டறையில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

"குறைன்னு நான் சொன்னேனா, அண்ணா?"

"பிலோமினா சிப்பைப் பார்த்துச் சிரிச்சீங்களே."

லாரி எங்கே நிற்கிறது என்று சொல்லும் பெட்டி அது. உள்ளே சிம் போட்ட ஒரு மோடம். மோடத்தை ஆட்டிவைக்க ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சிப். எதை வைப்பது?

செங்கோடன் நூறு இணைப்புக் கால் உள்ள சிப்பை எடுத்திருந்தார். பிலோமினா எடுத்தது இருபது கால்.

செங்கோடன் பட்டறைக்கு வந்து பதினோரு வருடம். பிலோமினா வந்து பதினான்கு மாதம். யாருடையது தேறுகிறதோ அது முந்நூறு லாரிகளில் ஏறும். அந்த வேலைக்கு ஜெயித்தவரே பொறுப்பு.

"நூறு கால்ல மோடத்துக்கு எத்தனை?"

"ஆறு."

"மீதி தொண்ணூற்று நாலு?"

"பின்னாடி உதவுமுங்க."

 டீச்சர் இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே அளவு பேட்டரி போட்டு மூடினார். ஷெட்டில் நின்ற லாரியில் இரண்டையும் வைத்தார்.

"பத்து நாள். 'எங்கே'ன்னு மெசேஜ் அனுப்பினா பெட்டி முழிச்சு இடத்தைச் சொல்லும். ஒவ்வொரு பதிலுக்கும் பேட்டரி கரையும். எது தாங்குதுன்னு பார்ப்போம்."

இரண்டு பெட்டிகளின் எண்களையும் இருவருக்கும் கொடுத்தார்.

செங்கோடன் தன் பெட்டியை மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் பதில் வந்தது. நிம்மதியானார்.

பிறகு பிலோமினாவின் பெட்டியைக் கேட்டார்.

அதுவும் சொன்னது.

டீக்கடையில் கேட்டார். பஸ்ஸில் கேட்டார். ஆஞ்சநேயர் கோயில் வரிசையில் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே ஷெட், அதே லாரி. இன்னும் சாகவில்லையா இது?

எட்டாம் நாள் பகல் பன்னிரண்டரைக்குப் பதில் வரவில்லை. மறுபடி கேட்டார். இல்லை.

அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

பத்தாம் நாள் பெட்டிகளைத் திறந்தார்கள். செங்கோடனுடையதில் விளக்கு எரிந்தது. மற்றது அணைந்து கிடந்தது.

"பார்த்தீங்களா, டீச்சர்!"

"உங்களுது கெட்டிதான், அண்ணா" என்றாள் பிலோமினா. அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

டீச்சர் அணைந்த பெட்டிக்குப் புது பேட்டரி போட்டார். கம்ப்யூட்டரில் மாட்டி அதில் பதிவான கணக்கைப் படித்தார்.

"அண்ணா, உங்க பெட்டி எத்தனை பதில் சொல்லியிருக்கு?"

"மூணுங்க."

"இது?"

 டீச்சர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

நானூற்றுப் பன்னிரண்டு. கேட்டதெல்லாம் ஒரே எண். கடைசி நான்கு இலக்கம் இரண்டு, ஏழு, ஒன்று, ஒன்பது.

பிலோமினா எட்டிப் பார்த்தாள். அது யார் எண் என்று அவளுக்கும் தெரியும்.

"எங்க மாமியார்கூட என்னை இத்தனை தடவை எங்கேன்னு கேட்டதில்லீங்க, அண்ணா."

டீச்சர் சிரிக்கவில்லை. மேசையில் இன்னும் இரண்டு புது பேட்டரிகளை எடுத்து வைத்தார்.

"மறுபடி பத்து நாள் வைப்போமா, அண்ணா?"

செங்கோடன் தன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். சிப் ஆர்டர் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"வேண்டாங்க" என்றார்.

எழுதினார்: இருபது கால். முந்நூறு.