சிங்காரியின் வீங்கிய மூக்கு

ஒரு காட்டில் ஒரு பலாமரம். அந்த மரத்தில் சிங்காரி என்றொரு கிழ மந்தி. கிழம் என்று நான் சொல்கிறேன், குழந்தைகளே. அவள் காதுபட நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

சிங்காரிக்குக் கண் மங்கிப் பல நாளாயிற்று. ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. ஒருநாள், அடிக்கிளையில் தொங்கிய குளவிக் கூட்டைப் பலாப்பழம் என்று நினைத்து முகர்ந்து பார்த்தாள்.

"அத்தே, அது குளவிக் கூடு!" என்று கத்தினாள் மருமகள்.

"எனக்குத் தெரியாதா? நீ உன் வேலையைப் பாரு!"

சொல்லி முடிப்பதற்குள் மூக்கு கத்தரிக்காய் அளவு வீங்கிவிட்டது.

மறுநாள் காலையில் ஒரு காகம் வந்தது. காகத்துக்கு மெதுவாகப் பேசத் தெரியுமா? காட்டையே கூட்டிச் சொன்னது: "சிங்காரியம்மா! அக்கரையில் உங்க தங்கச்சி மகளுக்குக் குட்டி பிறந்திருக்கு! பெண் குட்டி! உங்களைக் கூட்டிட்டுப் போக தங்கச்சி மகன் வர்றான்!"

சிங்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டியை உடனே மடியில் போட்டுக் கொஞ்ச வேண்டும்.

புதரில் படுத்திருந்த நரிக்கும் அந்தச் செய்தி கேட்டது. மருமகள் இலை பறிக்கப் போகும்வரை பொறுத்திருந்து, மரத்தடிக்கு வந்தது.

"பெரியம்மா! நான்தான், உங்க தங்கச்சி மகன். அக்காவுக்குப் பெண் குட்டி பிறந்திருக்கு. இறங்கி வாங்க, போகலாம்."

கீழே பழுப்பாக ஏதோ தெரிந்தது. பின்னால் ஒரு வால் தெரிந்தது. சிங்காரிக்கு அது போதும்.

"ஏண்டா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"ஆத்துத் தண்ணி ஒத்துக்கலை, பெரியம்மா. அதை விடுங்க. உங்களைப் பார்த்தா வயசே தெரியலையே!"

சிங்காரி ஒரு கிளை இறங்கினாள். "நிஜமாவா?"

"ஒரு முடிகூட நரைக்கலை!"

இன்னொரு கிளை. "அப்புறம்?"

"அந்த முகம்! அந்த மூக்கு! எள்ளுப்பூ மாதிரி அப்படியே இருக்கு!"

அடிக்கிளையில் கால் வைத்தவள் சட்டென்று நின்றாள். மூக்கைத் தடவிப் பார்த்தாள். கத்தரிக்காய் கத்தரிக்காயாகவே இருந்தது.

இவன் என் தங்கச்சி பெற்ற பிள்ளையா? அந்த வீட்டில் பிறந்தது எதுவானாலும் என்னைப் பார்த்து 'ஐயையோ' என்றல்லவா ஆரம்பிக்கும்?

"இருடா கண்ணு," என்றாள் குழைவாக. "இவ்வளவு தூரம் வந்த பிள்ளையை வெறும் வாயோட அனுப்பலாமா? இந்தப் பலாப்பழத்தைப் பிடி!"

நரி ஆவென்று வாயைப் பிளந்தது. சிங்காரி பிய்த்துப் போட்ட குளவிக் கூடு அதன் மூஞ்சியிலேயே விழுந்தது. நரி ஓடிய ஓட்டம் சிங்காரியின் கண்ணுக்குத் தெரியவில்லை. ஊளை மட்டும் காதுக்கு இனிமையாகக் கேட்டது. அவளும் உச்சிக்கிளைக்கு ஓடித் தப்பினாள்.

குளவிகள் அடங்கிய பிறகு நிஜப் பிள்ளை வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாக,

"ஐயையோ பெரியம்மா! என்ன இப்படிக் கிழவியாயிட்டீங்க? மூக்குக்கு என்ன ஆச்சு?" என்றான்.

"வாடா என் ராசா! நீதாண்டா எங்க வீட்டுப் பிள்ளை!" என்று அவன் காதை ஒரு திருகு திருகினாள் சிங்காரி. பிறகு, மருமகள் அருகில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மெதுவாகச் சொன்னாள்:

"கையைப் பிடிச்சுக்கோ. கண்ணு சரியாத் தெரியலை."

நீதி: வயதாகிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்பவர் நம் வீட்டு மனிதர், வயதே ஆகவில்லை என்பவருக்கு நம்மிடம் ஏதோ வேண்டியிருக்கிறது.