வளையல் ஒல்லியான கதை

டிவிப் பெட்டிகளுக்கு முதுகு பெருத்திருந்த அந்தக் காலத்தில், திரையில் நிற்கும் புள்ளிகளும் பேசும், வரைந்த வளையலும் பேசும். கணினிப் புள்ளிகள் அச்சுப் பிசகாத சதுரம். டிவிப் புள்ளிகளுக்கு மட்டும் இடுப்பு கொஞ்சம் அகலம். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லாததால், உலகத்துப் புள்ளியெல்லாம் தங்களைப் போலத்தான் என்று இரு கூட்டமும் நிம்மதியாக இருந்தன.

பூங்கோதை ஊர் கேபிள் டிவிக்கு விளம்பரப் படம் வரைபவள். ஆடிப்பூரம் நெருங்கியபோது, வளையல் கடை காசிம் பாய்க்காகக் கணினியில் ஒரு பச்சை வளையல் வரைந்தாள். வட்டமென்றால் அப்படியொரு வட்டம். தன் அழகைப் பார்த்து வளையலே சொக்கிப் போனது.

டிவியில் ஓடியதும் மானம் போனது. வளையல் படுக்கவைத்த முட்டை மாதிரி இருந்தது. பாய் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“என்னம்மா இது? நசுங்கின வளையலை விக்கிறேன்னு ஊரே சிரிக்குது! ஆடிப்பூரத்துக்கு விக்கலைன்னா வருஷம் பூரா ஈ ஓட்ட வேண்டியதுதான்.”

பூங்கோதைக்கு அழுகை முட்டியது. சாப்பாட்டுத் தட்டைக் கணினித் திரைமேல் வைத்து அளந்து, மறுபடி வரைந்தாள். மறுபடியும் முட்டைதான். ஆத்திரத்தில் டிவியின் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

“ஏன் இப்படி என் பேரைக் கெடுக்கிறீங்க?”

“நல்லா இருக்கே!” என்றன டிவிப் புள்ளிகள். “குறுக்கே இத்தனை பேர், நெடுக்கே இத்தனை பேர்னு நீ சொன்னே. சொன்னபடி நின்னோம். எங்க உடம்புவாகு அகலம். அதுக்கு நாங்க என்ன பண்றது?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புள்ளிகளின் தலைக்கணக்கு சரி, டிவியில் நிற்கிற ஆள்தான் அகலம்.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு, கணினியிலிருந்த அந்த அழகு வளையலை இரண்டு பக்கமும் பிடித்து ஒடுக்கினாள்.

“ஐயோ, இளைச்சுப் போயிட்டேனே!” என்று அலறியது வளையல். பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். “இருந்ததையும் கெடுத்திட்டியேம்மா!”

“இங்க பார்க்காதீங்க பாய். டிவியைப் பாருங்க.”

ஒல்லி வளையல் அங்கே போய்ச் சேர்ந்தது. அகலப் புள்ளிகள் வழக்கம்போல இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன. இங்கே இழந்த அகலம் அங்கே திரும்பி வந்தது. என்ன ஒரு வட்டம்! பாய் வாய்விட்டுச் சிரித்தார். சாயங்காலம் அவர் கடையில் நிற்க இடமில்லை. பூங்கோதையின் இரண்டு கையிலும் பச்சை வளையல் குலுங்கியது.

அன்று முதல்தான், முதுகு பெருத்த டிவிக்குப் படம் செய்கிறவர்கள் தங்கள் மேஜையில் வட்டத்தை ஒடுக்கி அனுப்புகிறார்கள். பின்னால் நின்று “கோணலா இருக்கே” என்று யாராவது சொன்னால், திரும்பிக்கூடப் பார்க்காமல், “டிவியில பாருங்க” என்கிறார்கள்.