வாசல் குரல்

அமைச்சர் வில்லவராயருக்கு அன்று தலைகால் புரியவில்லை. மழை பொய்த்த நாட்டில் ஒருவரும் பட்டினி கிடக்கக் கூடாது என்று அவர் எழுதிய சட்டத்துக்கு மறுநாள் அரசர் முத்திரை வைக்கப் போகிறார். பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் விடியற்காலையிலேயே குதிரை ஏறி, தன் குரு அருளம்பலரின் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

"சாமி, பசின்னு யார் வந்து கேட்டாலும் அதிகாரி களஞ்சியத்தைத் திறந்தாகணும். எந்த நாட்டுலயும் இப்படி ஒரு சட்டம் கிடையாது."

"கேட்டாத்தானா?"

"கேட்டாப் போதும். இல்லேன்னே சொல்ல முடியாது."

குரு சமையல்காரரைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு மடத்துலயும் வில்லவன் சட்டம்தான். கேட்டவங்களுக்கு மட்டும் போடு."

அமைச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

உச்சிப்பொழுதில் பந்தி விரித்து இலை போட்டார்கள். கேட்டவர்கள் இலையில் சோறு விழுந்தது. அமைச்சரும் உட்கார்ந்திருந்தார். யாராவது உபசரிப்பார்கள் என்று பார்த்தார். குழம்பு வாசனை குடலைப் பிடுங்கியது. வாய் மட்டும் திறக்க மாட்டேன் என்றது. பந்தி முடிந்து, சமையல்காரர் பானையை மூடிவிட்டார்.

வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்து மடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா ஏன் உள்ளே வரலை?" என்று குருவைக் கேட்டார் அமைச்சர்.

"தினமும் பானையை மூடுறதுக்கு முன்னாடி, பசியோட யாராவது இருக்கீங்களான்னு நம்ம ஆளு வாசல்ல நின்னு கூப்பிடுவான். உடனே வந்துடுவா. இன்னிக்குத்தான் கூப்பிடலையே."

"பசிச்சவ வந்து கேட்கலாமே சாமி? வாயைத் திறந்தா என்ன குறைஞ்சுபோகும்?"

"நீ கேட்டியா?"

அமைச்சர் தன் வெறும் இலையைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

எழுந்து வாசலுக்குப் போனார். அரசவையே அதிரப் பேசும் தொண்டை அது.

"பசியோட யாராவது இருக்கீங்களா? வாங்க, சாப்பாடு இருக்கு!"

அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருகிறவள் மாதிரி தலை நிமிர்ந்து வந்தாள். அமைச்சரே இலை போட்டுப் பரிமாறினார். அரசவையில் வாங்கிய எந்தப் பாராட்டும் அவருக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

"விடிஞ்சா முத்திரை வைக்கணும் சாமி. இனிமே சட்டத்தை எப்படி மாத்தி எழுதுறது?"

"வாசல்ல நின்னு சொன்னியே, அதையே எழுது. களஞ்சியக்காரன் தெருவுல நின்னு அதைச் சொல்லிட்டுத்தான் தன் இலையில உட்காரணும்" என்றார் குரு. "இப்ப வா. நீயும் சாப்பிடலையே."